ஹெக்ஸ்ரெய்த்துக்கு நெருப்பு வைப்பது எப்படி

வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டின் பேய்க் குதிரைப்படைச் சிற்றுருவங்களான ஹெக்ஸ்ரெய்த் பெட்டியை வாங்கும் கனபேர் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஐந்து குதிரைக்காரரையும் ஒட்டி, வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, பச்சை மையை மேலிருந்து ஊற்றிவிடுகிறார்கள். மை பள்ளத்தில் தேங்கும், மேடு வெள்ளையாக நிற்கும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். பச்சைச் சாயத்தில் தோய்த்த எலும்புக்கூடுகள் தெரியும், நெருப்பு தெரியாது. இந்தப் படைக்கு உயிரே அந்த நெருப்புத்தான். அதை எரிய வைக்கும் முறையை, கொழும்பில் இருந்துகொண்டு செய்யக்கூடிய விதமாக, இங்கே எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போயா நாளில் வகுப்பு இல்லை, அன்று சாப்பாட்டு மேசை என் பெயின்ற் மேசை. வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். ஆகவே நான் சொல்லப்போவதில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைப் பற்றியதாகவே இருக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது, எங்களுக்கோ இதுதான் முதல் பிரச்சினை.

படையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெக்ஸ்ரெய்த் என்பது விளையாட்டு உருவங்கள் செய்யும் நிறுவனமான கேம்ஸ் வேர்க்‌ஷொப்பின் வார்ஹாமர் கற்பனை உலகத்துப் பேய்க் குதிரைப்படை. எலும்புக் குதிரை, முக்காடு போட்ட சவாரிக்காரர், கையில் நீண்ட அரிவாள், எல்லாவற்றையும் சுற்றி மாய நெருப்பு. 2012இல் வம்பயர் கவுண்ட்ஸ் படையின் 8ஆம் பதிப்புப் புத்தகத்தோடு இந்தப் பிளாஸ்ரிக் பெட்டி வந்தது. அதே பெட்டியால் பிளாக் நைற்ஸ் என்ற கவசக் குதிரை வீரர்களையும் கட்டலாம். பிறகு ஏஜ் ஒஃப் சிக்மார் என்ற அடுத்த வார்ஹாமர் விளையாட்டில் நைற்ஹோன்ற் என்ற ஆவிப்படைக்குள் இவர்கள் சேர்ந்தார்கள். இவர்கள் பெயரிலேயே ஹெக்ஸ்ரெய்த் ஃபிளேம் என்று பச்சை நிறப் போத்தல் ஒன்றும் இருக்கிறது. நல்ல நிறம்தான். எங்கே பூசுவது என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலில் பாகங்களை, அவை வரும் பிளாஸ்ரிக் சட்டகத்தில் இருக்கும்போதே பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். கவசத்தில் ஒரு கோடு தப்பினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நெருப்பு நாக்கில் கோடு இருந்தால் மெல்லிய பூச்சுகள் அதைத் துலக்கிக் காட்டிவிடும், ஆகவே நேரத்தை அங்கே செலவழியுங்கள். சவாரிக்காரரைக் குதிரையில் ஒட்ட வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகப் பழைய மருந்துப் போத்தல் மூடிகளில் புளூ ராக் என்ற ஒட்டுக்களியால் நிறுத்தி வையுங்கள். குதிரை முதுகிலும் முக்காட்டின் உள்ளேயும் பிரஷ் போக வேண்டும்.

அடுத்தது பிரைமர். ஸ்பிரே ரின்னை அடிக்கும்போது கரைப்பான் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் திரவம் மேற்பரப்பின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், பெயின்ற் படலம் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் கூடவாக இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தில் பனி படிவது போலத் தண்ணீர் ஒடுங்கும். வெள்ளைப் பூத்துப்போன, மணல்மணலான பிரைமர் இப்படித்தான் உருவாகிறது. கொழும்பில் காலையும் இரவும் சாரீரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது வழமை. ஜனவரி, பெப்ரவரியில் மதியத்துக்குப் பிறகு 70க்குக் கிட்ட இறங்கும். ஸ்பிரே அடிப்பதென்றால் அந்த இரண்டு மாதத்தில், பகல் ஒரு மணி தொடக்கம் மூன்று மணிக்குள், மழை வாசமே இல்லாத நாளில் அடியுங்கள். ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர இடிமழை நேரத்தில் ரின்னைத் தொடவே வேண்டாம். சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மேசையில் வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை.

அமுக்க ரின்கள் விமானப் பொதியில் வருவது கஷ்டம், அதனால் பலர் பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும் வாகன ஸ்பிரேயை வாங்குகிறார்கள். அது பாவிக்கலாம். ஆனால் உருவங்கள் பொலிஸ்ரைரீன். வாகனப் பெயின்ற்றின் கரைப்பான் தடிப்பாக விழுந்தால் பிளாஸ்ரிக்கைத் தின்னும், அதிலும் மெல்லிய நெருப்பு நுனிகள் முதலில் உருகும். வெறும் சட்டகத் துண்டில் அடித்துப் பார்த்து ஒரு இரவு விட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள். இந்தப் படைக்கு என் தெரிவு பிரஷ்ஷால் பூசும் அக்கிரிலிக் பிரைமர். எந்த மாதத்திலும் வேலை செய்யும். முழுவதும் நடுச் சாம்பல் ஒரு பூச்சு, அது ஒரு இரவு காய்ந்தபின் நெருப்பு உள்ள இடங்களில் மட்டும் வெள்ளை, இரண்டு மெல்லிய பூச்சு. உடம்பு முழுக்க வெள்ளை பூசினால் பிறகு நெருப்புக்குப் போட்டியாக எலும்பும் பளிச்சிடும். வெள்ளையின் எல்லையை இப்போதே கட்டுப்படுத்துங்கள்.

இனி நெருப்பு. பிரஷ்ஷை எடுக்க முன்பு இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கல், துணி, எலும்பு எல்லாம் வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மேடு வெளிச்சமாகவும் பள்ளம் இருட்டாகவும் தெரிவது அதனால்தான். சுவாலை தானே ஒளியைப் பிறப்பிக்கிறது, அதே நேரம் ஒளி அதனூடாகப் போகவும் விடுகிறது. ஆகவே அதற்குள் நிழல் விழாது. கண்ணிலிருந்து நேர்கோடு ஒன்று இழுத்தால், அந்தக் கோட்டில் எவ்வளவு தடிப்புச் சுவாலை இருக்கிறதோ அவ்வளவு ஒளி சேர்ந்து வந்து சேரும். நாக்குகள் ஒன்றாகச் சேரும் அடியில் தடிப்பு அதிகம், ஆகவே அங்கே வெள்ளைக்குக் கிட்ட இருக்கும். நுனி மெல்லிசு, ஆகவே அங்கே நிறம் ஆழ்ந்து மங்கும். உருவத்தில் இந்த அடிப்பகுதிகள்தான் பள்ளங்கள். அதாவது நெருப்பில் பள்ளம் வெளிச்சம், மேடும் நுனியும் இருட்டு. மற்ற எல்லாவற்றுக்கும் நேர்மாறு. மேலிருந்து பச்சை மை ஊற்றினால் பள்ளத்தில்தான் நிறம் தேங்குகிறது, வேர் இருண்டு நுனி வெளுக்கிறது, அதனால்தான் அது நெருப்பாகத் தெரிவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆடிவேல் நேரத்தில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலடிக்குப் போங்கள். தனிக் கற்பூரக் கட்டி எரிவதை விட்டுவிட்டு, பல கட்டிகள் ஒன்றாகக் குவிந்து எரியும் இடத்தைப் பாருங்கள். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், மேலே போகப்போகச் செம்மஞ்சள், அதற்கும் மேலே கரும்புகை. நாக்கின் நுனி ஒரு இடத்தில் நிற்காமல் அறுந்து அறுந்து மேலே போகும். உருவத்தில் நாக்கு நுனிகளை ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் முடிக்கக்கூடாது என்பதை அந்த ஒரு காட்சியிலேயே படிக்கலாம்.

பேய் நெருப்புக்குப் பச்சை என்பது வழக்கம். எந்தப் பச்சை? ஆய்வுகூடத்துச் சுவாலைச் சோதனையில் எனக்குத் தெரிந்த பச்சைகள் இரண்டு வகை. போரிக்கமிலத்தை அற்ககோலோடு எரித்தால் தூய இலைப்பச்சைச் சுவாலை வரும். கரம்போர்ட்டுக்குத் தூவும் போரிக் பவுடரும் இதே சேர்வைதான். செப்பு உப்புகள் நீலம் கலந்த பச்சை தரும். வீட்டில் எரித்துப் பார்க்காதீர்கள், காணொளியில் பார்த்தாலே போதும். இலைப்பச்சையில் மஞ்சள் கூடினால் சின்ன உருவத்தில் அது நெருப்பை விட்டு நஞ்சுச் சளி மாதிரித் தெரியத் தொடங்கும். செப்புப் பச்சை அப்படி ஏமாற்றாது, குளிர்ச்சியும் அச்சமும் அதில் இருக்கிறது. என் ஹெக்ஸ்ரெய்த்துகள் எல்லாம் செப்புச் சுவாலைதான்: வெள்ளை, வெளிறிய நீலப்பச்சை, முழு நீலப்பச்சை, கடைசியில் கிட்டத்தட்டக் கருநீலம். நைற்ஹோன்ற் படைகளில் அதிகம் காணும் நிறமும் இதற்குக் கிட்டத்தான், ஆகவே மற்ற ஆவிகளோடு சேர்த்து வைத்தாலும் பொருந்தும்.

பூசும் முறை இது. வெள்ளையின்மேல், வேர்ப்பள்ளங்களை விட்டுவிட்டு, வெளிறிய நீலப்பச்சையை ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு மீடியம் (நிறமில்லாத அக்கிரிலிக் திரவம்) கலந்து மெல்லியதாக இழுங்கள். பிரஷ் எந்தப் பக்கம் போய் முடிகிறதோ அங்கேதான் நிறம் கூடப் படியும். ஆகவே ஒவ்வொரு இழுப்பும் வேருக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி நுனியில் முடிய வேண்டும். நுனியில் துளியாகச் சேர்வதை ஈரமில்லாத இன்னொரு பிரஷ்ஷால் உறிஞ்சுங்கள். காய்ந்தபின் முழு நீலப்பச்சை, இந்த முறை நாக்கின் நடுவில் தொடங்கி நுனிக்கு. அப்புறம் கருநீலப்பச்சை, கடைசி மூன்றிலொரு பங்கில் மட்டும். எல்லாம் காய்ந்தபின் திரும்பி வந்து, ஆழமான பள்ளங்களில் மட்டும் சுத்த வெள்ளையைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். அந்தக் கடைசி வெள்ளைதான் நெருப்பை மூட்டுகிறது. ஹெக்ஸ்ரெய்த் ஃபிளேம் போத்தல் இருந்தால் அதை நடுக்கட்டத்தில் இதே மாதிரி மேல்நோக்கி இழுத்துப் பாவிக்கலாம், ஊற்ற வேண்டாம்.

கருப்பு வோஷ், அதாவது பள்ளத்தில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ற், நெருப்புக்குள் ஒரு துளிகூடப் போகக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எங்கள் ஈரக்காற்று இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அக்கிரிலிக்கிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் போகும், ஆகவே இரண்டு நிறங்களை உருவத்தின் மேலேயே கலந்து மங்கவைக்க நேரம் கிடைக்கும். மேலே சுழலும் ஃபானை நிறுத்தினால் இந்த நன்மை முழுதாகக் கிடைக்கும். வியர்வை பிரச்சினையென்றால் பிடியில் ரிஷ்யூ சுற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பூச்சுக்குப் பூச்சு பொறுமை வேண்டும். மழைப் பின்னேரத்தில் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும், அடுத்த பூச்சு முதற் பூச்சைக் கிளப்பிக்கொண்டு வரும். தலைமுடி உலர்த்தியைக் குளிர்க்காற்றில் வைத்துத் தள்ளிப் பிடித்தால் போதும். ஈரத் தட்டு (பெயின்ற் காயாமல் இருக்க ஈரப்பஞ்சு வைத்த கலவைத் தட்டு) வைத்திருப்பவர்கள் பஞ்சை இரண்டு நாளுக்கொரு தடவை கொதிநீரில் போட்டெடுங்கள், இங்கே பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். உரித்த மின்கம்பியின் செப்புத் துண்டு ஒன்றைப் பஞ்சுக்கு அடியில் வைப்பதும் நல்லது. செப்பு அயன் பூஞ்சணத்தைத் தடுக்கும்.

நெருப்பு முடிந்தபின்தான் உடம்பு. முதலில் உடம்பைப் பூசிவிட்டுக் கடைசியில் நெருப்புக்கு வந்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலேயே நிழல் போட்டிருப்பீர்கள். எலும்புக்கும் துணிக்கும் நீலம் கலந்த கருஞ்சாம்பல் அடி நிறம் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு மேற்பரப்பிடமும் ஒரு கேள்வி: இந்த இடத்துக்கு நெருப்பு தெரிகிறதா? தெரிந்தால் நீலப்பச்சை வெளிச்சம், தெரியாவிட்டால் இருட்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பது பௌதிகவியல். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் போன இரவுகளில் ஒற்றை மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை நான் வடிவாகப் பார்த்தேன். மேசையின் கிட்டின மூலை பளிச்சென்று இருக்கும், ஒரு முழம் தள்ளினால் சட்டென்று மங்கும், சுவரில் ஒன்றுமே இருக்காது. ஆகவே உருவத்திலும் வெளிச்சம் நெருப்புக்கு ஒட்டிய இடத்தில் பலமாகவும், கொஞ்சம் தள்ளியதும் இல்லாமலும் போக வேண்டும். குதிரையின் கழுத்து எலும்பின் உட்பக்கம், சவாரிக்காரரின் கன்ன எலும்பின் கீழ்ப்பக்கம், அரிவாள் அலகின் நெருப்புப் பக்க விளிம்பு ஆகிய மூன்றிலும் கவனமாக வைத்தால் மற்றதைக் கண் நிரப்பிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அறையை இருட்டாக்கி, சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன எல்ஈடியை நெருப்பு இருக்கும் இடத்தில் பிடித்துக் கைபேசியால் படம் எடுங்கள். பூச வேண்டிய வரைபடம் அதுதான்.

அங்கியின் கிழிந்த ஓரங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஆவியின் துணி ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். அதன் மடிப்பைப் பக்கவாட்டாகப் பார்க்கும்போது பார்வை கூடத் தடிப்பினூடாகப் போகிறது, ஆகவே மடிப்பின் விளிம்பு கொஞ்சம் ஒளிரும். அந்த விளிம்புகளில் மெல்லிய வெளிர்கோடு இழுங்கள். கிழிசல் நுனிகளையோ பேஸின் (உருவம் நிற்கும் அடித்தட்டின்) நிறத்துக்கே மங்கவிடுங்கள், காற்றில் கரைவது போல இருக்கும்.

அரிவாள் பிடி, சேணம், கொக்கிகள் எல்லாம் இருண்ட பழுப்பும் மங்கிய வெண்கலமும் போதும். ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் நேரம் கொடுத்தால் கண் நெருப்பை விட்டு அங்கே போகும்.

பேஸுக்கு வெளிநாட்டுப் புல் பொட்டலம் தேவையில்லை. தும்புத்தடியில் நாலு இழை பிடுங்கி, பொடியாக நறுக்கி, கொத்தாக ஒட்டினால் செத்த புல். கறுவாப்பட்டைத் துண்டு விழுந்த மரம். வடித்துக் காயவைத்த தேயிலைத் தூள் சருகு. கடற்கரை மணல் எடுத்தால் நல்ல தண்ணீரில் பல தடவை அலசுங்கள். உப்பு மிஞ்சினால் அது காற்றின் ஈரத்தை இழுத்து, நாளடைவில் பெயின்ற்றைக் கிளப்பும். எல்லாவற்றின்மேலும் தண்ணீர் கலந்த பிவிஏ பசை ஓடவிட்டு மூடுங்கள். நெருப்புக்கு நேர் கீழே நிலத்தில் ஒரு வட்டம் நீலப்பச்சை வெளிச்சம் விழ வேண்டும், இதை மறந்தால் குதிரை தனியாக, நிலம் தனியாக நிற்கும். ஏஜ் ஒஃப் சிக்மாரில் முட்டைவடிவ பேஸ், 2024இல் வந்த ஓல்ட் வேர்ல்ட் என்ற வார்ஹாமர் விளையாட்டில் குதிரைப்படைக்கு 30க்கு 60 மில்லிமீற்றர் செவ்வகம். இரண்டும் விளையாடுவதென்றால் குளம்புக்குக் கீழே சின்னக் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டலாம்.

வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். ஸ்பிரே பிரைமருக்குச் சொன்ன ஈரப் பிரச்சினை மற் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரேக்கு இரண்டு மடங்கு பொருந்தும், அதுவும் முடிந்த வேலையின் மேல். உடம்புக்கும் பேஸுக்கும் மற், நெருப்புக்கு மட்டும் அரைப் பளபளப்பு. மற் வார்னிஷ் ஆழ்ந்த நிறங்களைச் சுண்ணாம்பு தூவியது போல வெளுக்க வைக்கும். நெருப்பின் கருநீல நுனிக்கு அது ஆகாது.

மேசையில் இவர்களை ஓட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், அழகாகப் பூசிவிட்டு முதல் சுற்றிலேயே பறிகொடுத்தால் மனம் நோகும். விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நான் கொட்டாஞ்சேனையில் மச்சான் வீட்டில் இன்றும் 8ஆம் பதிப்புத்தான் விளையாடுகிறேன், ஆகவே அதை வைத்துச் சொல்கிறேன். இவர்கள் ஆவிகள். சாதாரண வாளும் அம்பும், ஏன் பீரங்கிக் குண்டும் காயப்படுத்தாது. மந்திரமும் மந்திர ஆயுதமும் மட்டுமே தொடும். எதிரிப் படையின் ஊடாகவே ஓடிப்போய், ஓடும்போதே அடிக்கலாம். நெருப்புத் தாக்குதல் என்பதால் எதிரியின் ரீஜெனரேஷன், அதாவது காயம் தானாக ஆறும் சக்தி, வேலை செய்யாது. இப்படி ஆறும் ட்ரோல் அரக்கர்களை வைத்து வருபவருக்கு இது பெரிய அடி.

பலவீனம் கைகலப்பில் இருக்கிறது. நீண்ட வரிசைகளாக நிற்கும் காலாட்படையின் முன்பக்கத்தில் ஐந்து பேரைக் கொண்டுபோய் முட்டினால், எதிரி ஒருவரைக்கூடக் கொல்லாமலேயே வரிசைகளுக்கு மொத்தம் மூன்று, கொடிக்கு ஒன்று என்று கைகலப்பின் முடிவைக் கணிக்கும் நாலு புள்ளி வைத்திருப்பார். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்கிறீர்களோ, அந்த அளவுக்கு உங்கள் ஆவிகள் கலைந்து போகும். ஆகவே முட்ட வேண்டாம், ஊடாகப் போங்கள். முதல் சுற்றில் மலைக்கோ காட்டுக்கோ பின்னால் நில்லுங்கள். இரண்டாம் சுற்றில் எதிரியின் ஓரப் படையினூடாகப் பாய்ந்து, பின்புறம் வெளியே வாருங்கள். அங்கே பீரங்கி இயக்குபவர்களும் வில்லாளிகளும் இருப்பார்கள், அவர்களைத்தான் கைகலப்பில் பிடிக்க வேண்டும். எதிரியின் மந்திரவாதி எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் பாருங்கள். மச்சான் தன் மந்திரவாதியை எப்போதும் நடுவில் வைப்பார், நான் எப்போதும் ஓரத்தால் வருவேன்.

விளையாடி முடிந்ததும் உருவங்களைத் திறந்த தட்டில் விடாதீர்கள். பேஸுக்கு அடியில் காந்தம் ஒட்டி, பெரிய பிஸ்கற் ரின்னுக்குள் நிறுத்துங்கள், பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ கொண்டுபோனாலும் விழாது. ரின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். நிறம் மாறும் வகையென்றால் செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும், வேறு வகையென்றால் மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவையும், மணிகளைத் தட்டில் கொட்டி 120 பாகை அவணில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்துத் திருப்பிப் போடுங்கள்.